பிரவுனும் பிரவுனும் சம்பந்தி ஆகாது
பழைய லேண்ட்ரோவரில் ஹாஃப்கட் எஞ்சின் ஏற்றுகிறவர்களுக்கு: வயரிங்கில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

நான் வேலை பழகிய காலத்தில் ஒரு நாள், பழைய லேண்ட்ரோவர் ஒன்றில் டொயோட்டா எஞ்சின் ஏற்றிக்கொண்டிருந்தோம். வண்டிப் பக்கம் தடிமனான பிரவுன் வயர் ஒன்று. எஞ்சின் பக்கமும் ஒரு பிரவுன் வயர். நிறம் ஒன்றென்றால் உறவும் ஒன்றுதானே என்று இரண்டையும் முறுக்கி டேப் சுற்றினேன். பேட்டரி முனையை வைத்ததும் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை. பாஸ் ஓடிவந்து பேட்டரி முனையைப் பிடுங்குவதற்குள் அரை மீட்டர் வயரிங் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது.

லேண்ட்ரோவரில் உள்ள லூக்காஸ் வயரிங்கில் பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் கரண்ட். பெரும்பாலும் நடுவில் பியூஸ்கூட இருக்காது. டொயோட்டா எஞ்சின் வயரிங்கில் பிரவுன் என்றால் எர்த். பேட்டரியின் இரண்டு முனைகளையும் நானே கைப்பிடித்துக் கொடுத்திருந்தேன். தண்டனையாக, கருகாமல் மிஞ்சிய வயரிங் முழுவதையும் பிரித்து, ஒவ்வொரு வயரும் எங்கிருந்து எங்கே போகிறதென்று பள்ளிக்கூட நோட்டில் எழுதச் சொன்னார் பாஸ். நாலு நாள் ஆனது. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த நாலு நாளில் வந்தது.

இப்போது கம்போங் மேடானில் என் பட்டறைக்கு, தொரைமார் தோட்டம் சுற்றிய காலத்து லேண்ட்ரோவர்கள் வருகின்றன. பெரும்பாலும் 1971 முதல் 1985 வரை வந்த மூன்றாம் சீரிஸ். 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், எழுபது சொச்சம் குதிரைத்திறன். அதை இறக்கிவிட்டு ஜப்பான் எஞ்சின் கேட்கிறார்கள். 1989-இல் டொயோட்டா செல்சியரிலும் லெக்சஸ் எல்எஸ்400-இலும் வந்த 4 லிட்டர் வி8, அதாவது 1யூஇசட் எஞ்சின்மேல் பலருக்கு ஆசை. பழைய எஞ்சினுக்கு வயர் என்று பார்த்தால் காயில், டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், மீட்டர்களுக்கு இரண்டு வயர். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். செல்சியர் வயரிங்கைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஏர்கோன், குரூஸ், சக்கரம் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன், ஏபிஎஸ் என்று ஒரு சொகுசுக் காரின் குடும்பமே அதில் இருக்கிறது. லேண்ட்ரோவருக்குத் தேவையானதை மட்டும் வைத்து மீதியை எடுப்பதுதான் நம் வேலை.

அதற்கு ஒரே விதி: ஒரு வயரின் இரண்டு முனையும் எங்கே போகின்றன, நடுவில் அது என்ன வேலை செய்கிறது என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த பிறகே அதை எடுக்கலாம். கீழே உள்ளவை எல்லாம் அந்த விதியின் பிள்ளைகள்.

1. ஹாஃப்கட் வாங்கும்போது

ஜப்பானில் பாதியாக வெட்டப்பட்ட கார்கள், அதாவது ஹாஃப்கட்டுகள், கொள்கலனில் கிள்ளான் துறைமுகம் வந்து இறங்குகின்றன. நம் ஊர்ப் பட்டறைகள் அவற்றை நம்பித்தான் ஓடுகின்றன. 2009-இல் வந்த தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வு, 2011 ஜூன் முதல் பழைய உதிரிப்பாக இறக்குமதிக்குத் தடை என்று சொன்னபோது எங்கள் வயிற்றில் புளி கரைந்தது. தடை நடைமுறைக்கு வரவில்லை, பிழைத்தோம்.

செய்ய வேண்டியவை

- எஞ்சினை மட்டும் கேட்காதீர்கள். வயரிங், எஞ்சினின் கணினியான இசியு, எஞ்சின் அறையின் பியூஸ் பெட்டி, இக்னைட்டர், காற்றளவுக் கருவி எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வேண்டும் என்று விலை பேசும்போதே சொல்லுங்கள். பிறகு தனித்தனியாகத் தேடினால் எஞ்சின் விலையில் பாதி அதற்கே போகும்.
- இசியு பெட்டியின்மேல் ஒட்டியுள்ள எண்ணைப் படம் எடுங்கள். டொயோட்டாவில் அது 89661 என்று தொடங்கும். வயரிங் படம் தேடும்போது காரின் பெயரைவிட இந்த எண் நம்பகமானது.
- முடிந்தால் கடையிலேயே எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். ஓடிய வயரிங்கைக் குறைப்பது ஒரு வேலை. ஓடாத வயரிங்கைக் குறைப்பது இரண்டு வேலை. தப்பு முன்பே இருந்ததா, நாம் செய்ததா என்று கடைசிவரை தெரியாது.
- புதிய மாடல் என்றால், சாவியை அடையாளம் கண்டு திருட்டைத் தடுக்கும் பூட்டு உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் சாவி, சாவித் துவாரத்தைச் சுற்றிய வளையம், அதன் பெட்டி, இசியு எல்லாம் ஒரு செட்டாக வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் எஞ்சின் இரண்டு விநாடி ஓடி அணையும்.

செய்யக்கூடாதவை

- கடைப் பையன் கிரைண்டரை வைத்து வயரிங்கை எஞ்சின் அறைச் சுவரோடு அறுக்க விடாதீர்கள். ‘சீக்கிரம் ஆகும் அண்ணே’ என்பான். அவனுக்கு மிச்சமாவது பத்து நிமிடம். நமக்குப் போவது பத்து நாள். தே தாரே வாங்கிக் கொடுத்து, சாக்கெட்டை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லுங்கள்.
- வெள்ளத்தில் நின்ற வண்டியின் வயரிங்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா தாமானிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல இடங்களிலும் கார்கள் கூரைவரை நீரில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். வெளியே துடைத்தால் வயர் பளபளக்கும். தோலை ஒரு சென்டிமீட்டர் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால், சாக்கெட்டுக்குள் பச்சைப் பொடி தெரிந்தால், அது உள்ளே நெடுந்தூரம் போயிருக்கும்.
- பின்பாதியில் இருந்ததை மறந்துவிடாதீர்கள். சில மாடல்களில் பெட்ரோல் பம்ப்பை இயக்கும் தனிப் பெட்டி பின்பக்கச் சாமான் அறையில் இருக்கும். ஹாஃப்கட்டில் அந்த அறை வராது.

2. பலகையில் விரிக்கும்போது

செய்ய வேண்டியவை

- எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை ஒன்று, நூறு ஆணி. எஞ்சின் சாக்கெட்டுகள் ஒரு பக்கம், இசியு சாக்கெட்டுகள் மறுபக்கம், நடுவில் சுவரைத் தாண்டும் ரப்பர் வளையம். காரில் இருந்த அதே வடிவத்தில் விரித்து ஆணி அடியுங்கள். கட்டாகக் கிடக்கும்போது காடாகத் தெரிகிற வயரிங், விரித்த பிறகு ஆறும் கிளையாறுமாக வழி காட்டும்.
- டேப்பைப் பிரிப்பதற்கு முன்னாலேயே ஒவ்வொரு சாக்கெட்டிலும் சீட்டு ஒட்டுங்கள். ‘இன்ஜெக்டர் 3’, ‘தண்ணீர் சூடு, இசியு’, ‘தண்ணீர் சூடு, மீட்டர்’. இரண்டு முனையிலும் ஒரே பெயர்.
- அந்த இசியு எண்ணுக்குரிய வயரிங் படத்தைப் பெரிய தாளில் அச்சடியுங்கள். ஒவ்வொரு பின்னையும் மல்ட்டிமீட்டரில் தொட்டு, ஒலி வந்ததும் படத்தில் டிக் போடுங்கள். படத்தில் ஒன்றும் பலகையில் வேறொன்றும் இருந்தால் பலகையை நம்புங்கள்.
- மூன்று நிறப் பேனா வைத்துக்கொள்ளுங்கள். பச்சை: எஞ்சினுக்கும் இசியுவுக்கும் இடையில் மட்டும் ஓடுகிறவை, தொடவே கூடாது. நீலம்: வண்டியோடு இணைய வேண்டியவை. சிவப்பு: போக வேண்டியவை. எந்த நிறமும் கிடைக்காமல் நிற்கும் வயர்தான் உங்களுக்கு இன்னும் புரியாத வயர். அதை விட்டுவையுங்கள்.

செய்யக்கூடாதவை

- விளக்குப் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பை இசியு வயர்களில் குத்தாதீர்கள். பல்பு இழுக்கும் கரண்ட்டை இசியுவின் உள்சுற்று தாங்காது. மல்ட்டிமீட்டர் மட்டும்.
- செல்லோடேப்பில் பெயர் எழுதாதீர்கள். துத்தநாகக் கூரைப் பட்டறையில் மதியச் சூட்டுக்கு இரண்டே நாளில் பசை உருகிப் பெயர்கள் தரையில் கிடக்கும். நான் அப்படி ஒரு முறை ‘இன்ஜெக்டர் 5’-ஐத் துடைப்பத்தோடு கூட்டித் தள்ளியிருக்கிறேன்.
- நிறத்தை மட்டும் நம்பி ஒரு வயருக்கும் பெயர் வைக்காதீர்கள்.

3. எதை வைப்பது, எதை எடுப்பது

அமெரிக்காவில் பழைய செவர்லே பிக்கப்புகளில் புது வி8 ஏற்றுகிறவர்கள் வயரிங்கைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் வண்டியோடு இணைய நாலைந்து வயர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பெருமையாகக் காட்டுவார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ‘நமக்கும் நாலே வயர் போதும் அண்ணே’ என்று இங்கே வருகிறவர்கள் உண்டு. எண்ணிக்கையில் ஒன்றுமில்லை. வெளியே நாலு வயர் இருப்பது, உள்ளே மீதி எல்லாம் சரியான இடத்தில் முடிந்ததால்தான்.

செய்ய வேண்டியவை

- இன்ஜெக்டர், இக்னைட்டர், கிராங்க் சென்சார், கேம் சென்சார், திராட்டில், தண்ணீர் சூடு, காற்றளவு, ஆக்சிஜன், நாக் சென்சார், ஐடில் வால்வு: இவை அத்தனையும் இருக்க வேண்டும். 1யூஇசட்டின் முதல் வடிவத்தில் இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர், இரண்டு காயில், இரண்டு இக்னைட்டர். ஒன்றை மறந்தால் எட்டு சிலிண்டரில் நாலு ஊமையாகும்.
- இசியுவுக்கு மூன்று வகைக் கரண்ட் தேவை: எப்போதும் இருப்பது, சாவி திருப்பினால் வருவது, மெயின் ரிலே வழியாக வருவது. மூன்றும் தனித்தனி. எப்போதும் இருக்கும் வயரைச் சாவியோடு சேர்த்துவிட்டால், எஞ்சினை அணைக்கும்போதெல்லாம் இசியு படித்ததை மறந்து, மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் புதிதாகச் சேரும்.
- ஸ்டார்ட்டர் சுழலும்போது இசியுவுக்குப் போகும் சிறு வயரைக் கண்டிப்பாக இணையுங்கள். எஞ்சினைச் சுழற்றுகிறார்கள், கூடுதல் பெட்ரோல் கொடு என்று சொல்வது அது.
- எஞ்சின் செக் விளக்கை வண்டியின் டேஷ்போர்டில் ஒரு பல்பாக வையுங்கள். கண்டறியும் சாக்கெட்டையும் விட்டுவையுங்கள். பழைய டொயோட்டாவில் அந்தச் சாக்கெட்டின் டிஇ1, இ1 துளைகளை ஒரு சிறு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், விளக்கு சிமிட்டிச் சிமிட்டி நோயைச் சொல்லும். ஒன்று, இடைவெளி, இரண்டு என்றால் 12. எந்த இயந்திரமும் வாங்கத் தேவையில்லை.
- ஆட்டோ கியர்பெட்டியும் சேர்ந்து வருகிறதென்றால் அதன் சோலனாய்டு வயர்கள் எல்லாம் பச்சைப் பட்டியலில் சேரும். செல்சியரில் எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே இசியு.
- ஏர்கோன் வேண்டுமா என்று வண்டி முதலாளியிடம் இப்போதே கேளுங்கள். நம் ஊர் வெயிலில், எல்லாம் முடிந்த மறுவாரம் கேட்பார்.

செய்யக்கூடாதவை

- கியர் நியூட்ரலில் உள்ளதென்று சொல்லும் வயரை அறுத்துத் தொங்க விடாதீர்கள். அது தொங்கினால், வண்டி கியரில் நிற்பதாக இசியு நினைத்து ஐடிலைக் குழப்பும். மேனுவல் கியர்பெட்டி போட்டால், அந்த வயர் ‘நியூட்ரல்’ என்று எப்போதும் சொல்லும்படி முடியுங்கள்.
- வேகம் சொல்லும் வயரைத் தேவையில்லை என்று எடுக்காதீர்கள். வேகமே தெரியாவிட்டால் இசியு 42 என்று புகார் எழுதும்; சில வண்டிகளில் சிக்னலில் நிற்கப் போகும்போது எஞ்சின் அணையும். லேண்ட்ரோவரின் கேபிள் மீட்டரை வைத்துக்கொண்டே, இடையில் ஒரு சிறு சென்சார் பொருத்தலாம்.
- மேலே வலைபோல் உறை போட்ட வயர்களை வெட்டி, சாதா வயரால் நீட்டாதீர்கள். கிராங்க், கேம், நாக் சென்சார்களின் சிக்னல் மிகவும் மெல்லியது. பக்கத்தில் ஓடும் இக்னிஷன் வயரின் இரைச்சல் அதில் ஏறும். நாக் வயர் கெட்டால் இசியு பயந்துபோய் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். வி8 வாங்கியவர் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘என் பழைய எஞ்சினே தேவலை’ என்பார்.
- ஆல்டர்னேட்டரின் சிறு சாக்கெட்டைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். சார்ஜ் விளக்குக்கு ஒரு வயர், சாவிக்கு ஒன்று, பேட்டரி எவ்வளவு நிரம்பியது என்று பார்க்கும் கண் ஒன்று. அந்தக் கண் வயர் பேட்டரிக்குப் போகாவிட்டால் ஆல்டர்னேட்டர் குருட்டுத்தனமாகச் சார்ஜ் செய்யும், பேட்டரி பொங்கவும் கூடும்.

4. லூக்காசும் டொயோட்டாவும் சந்திக்கும் இடம்

இரண்டு குடும்பமும் முதன்முதலாகப் பார்த்துக்கொள்ளும் இடம் இது. என் புகை எழுந்ததும் இங்கேதான்.

செய்ய வேண்டியவை

- வண்டி எந்த வருடத்துத் தயாரிப்பு என்று முதலில் பாருங்கள். இரண்டாம் சீரிஸ் காலத்து லேண்ட்ரோவர்கள் பல, பேட்டரியின் பாசிட்டிவ் முனையை எர்த்தாகக் கொண்டவை. அதில் டொயோட்டா இசியுவை வைத்தால் முதல் நொடியிலேயே சாகும். பேட்டரியின் எந்த முனை சேஸியில் பூட்டியுள்ளதென்று கண்ணால் பாருங்கள்; யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.
- இந்தச் சிறு அட்டவணையைப் பட்டறைச் சுவரில் எழுதி வையுங்கள்:

பிரவுன்: லூக்காசில் எப்போதும் உள்ள கரண்ட், டொயோட்டா எஞ்சின் வயரிங்கில் எர்த்.
கறுப்பு: லூக்காசில் எர்த், டொயோட்டாவில் கறுப்பும் கறுப்பில் கோடு போட்டதும் கரண்ட் சுமக்கலாம்.
வெள்ளையில் கறுப்புக் கோடு: லூக்காசில் காயிலின் நெகட்டிவ் பக்கம், டொயோட்டாவில் எர்த்.
வெள்ளை: லூக்காசில் சாவி திருப்பினால் வரும் கரண்ட்.

- இரண்டு வயரிங்கும் சந்திக்க ஒரே ஒரு சாக்கெட் வையுங்கள். நீலப் பேனாவில் குறித்தவை எல்லாம் அதன் வழியே மட்டும் போகட்டும். நாளைக்கு எஞ்சினை இறக்க வேண்டுமென்றால் ஒரு சாக்கெட்டைக் கழற்றினால் போதும்.
- லூக்காசின் மீட்டர்களுக்கு லேண்ட்ரோவர் சென்சாரையே எஞ்சினில் அடாப்டர் வைத்துப் பொருத்துங்கள். அந்த மீட்டர்கள் 10 வோல்ட் கட்டுப்பாட்டுப் பெட்டி வழியாக ஓடுகிறவை. டொயோட்டா சென்சாரோடு அவற்றுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

செய்யக்கூடாதவை

- இசியுவின் தண்ணீர்ச் சூடு சென்சாரிலிருந்து மீட்டருக்குக் கிளை எடுக்காதீர்கள். மீட்டரும் தப்பு காட்டும், இசியுவும் எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருப்பதாக நம்பிப் பெட்ரோலை ஊற்றும்.
- நாற்பது வருடப் பழைய சாவிச் சுவிட்சில் பம்ப், இன்ஜெக்டர், இசியு எல்லாவற்றின் கரண்ட்டையும் ஏற்றாதீர்கள். சாவி ரிலேயை மட்டும் எழுப்பட்டும். பாரத்தை ரிலே சுமக்கட்டும்.
- வயரைக் கடித்துப் பிடிக்கும் நீல நிறக் கிளிப்பை வாங்கவே வாங்காதீர்கள். அது செம்பில் பாதியை வெட்டிவிட்டு மீதியைத்தான் பிடிக்கும். ஆறு மாத மழை போதும்.

5. எர்த்

எனக்கு வரும் ‘ஏதோ சரியில்லை அண்ணே’ வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை எர்த் வண்டிகள்.

செய்ய வேண்டியவை

- எஞ்சின் ரப்பரின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்ட் கடத்தாது. எஞ்சினிலிருந்து சேஸிக்கு ஒரு தடித்த பட்டை, பேட்டரியிலிருந்து சேஸிக்கு ஒன்று, பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கே நேராக ஒன்று.
- இசியுவின் எர்த் வயர்கள் தொழிற்சாலையில் எஞ்சினில் எங்கே பூட்டப்பட்டிருந்தனவோ, அங்கேயே பூட்டுங்கள். பெயின்ட்டைச் சுரண்டி, வளைய முனை வைத்து, நட்டை இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள்.
- எஞ்சின் சுழலும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சினுக்கும் இடையே மல்ட்டிமீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

- லேண்ட்ரோவரின் பாடித் தகட்டில் இசியு எர்த்தைப் பூட்டாதீர்கள். தகடு அலுமினியம், சேஸி இரும்பு. இரண்டும் தொடும் இடத்தில் நம் ஊர் ஈரம் நுழைந்தால் வெள்ளைப் பொடி பூக்கும். அதோடு எர்த்தும் போகும்.
- சென்சார்களின் எர்த்தை, டொயோட்டா படத்தில் இ2 என்று இருப்பதை, எந்தக் காரணத்துக்காகவும் பாடியில் தொட விடாதீர்கள். அது இசியுவுக்குள் மட்டும் முடிய வேண்டும். ‘எர்த்தெல்லாம் எர்த்துதானே’ என்று சேர்த்தால், ஹெட்லைட் போடும்போது திராட்டில் சென்சார் மதிப்பு ஆடும்.

6. பெட்ரோல் பம்ப்

இந்தப் பகுதியில் சுருக்கம் தேடாதீர்கள். பழைய கார்புரேட்டர் பம்ப் கொடுக்கும் அழுத்தம் சொற்பம். இன்ஜெக்டர் எஞ்சினுக்கு 3 பாருக்கு நெருக்கமாக வேண்டும்.

செய்ய வேண்டியவை

- எஞ்சின் சுழலும்போது மட்டும் பம்ப் ஓடும்படி, டொயோட்டாவின் பம்ப் ரிலேயை அப்படியே வையுங்கள். எஞ்சின் நின்றதும் இசியு ரிலேயை விட்டுவிடும், பம்ப்பும் நிற்கும்.
- பம்ப்புக்குத் தடித்த வயர் போடுங்கள். கணக்கைப் பாருங்கள்: பம்ப் 10 ஆம்பியர் இழுக்கிறது, வயர் 4 மீட்டர். 0.5 சதுர மில்லிமீட்டர் வயரானால் வழியிலேயே 1.4 வோல்ட் கரையும். 2 சதுர மில்லிமீட்டர் வயரானால் 0.35 வோல்ட்கூட இல்லை. ‘மேட்டில் ஏறும்போது இழுவை இல்லை’ என்ற புகாருக்குப் பாதி மருந்து இந்த ஒரு வரியில் இருக்கிறது.

செய்யக்கூடாதவை

- பம்ப்பைச் சாவியில் நேராகக் கொடுக்காதீர்கள். வண்டி மோதி, குழாய் அறுந்து, எஞ்சின் நின்ற பிறகும் சாவி போட்டபடி இருந்தால், பம்ப் பெட்ரோலைச் சூடான எக்சாஸ்ட்மேல் ஊற்றிக்கொண்டே இருக்கும். ‘டெஸ்ட்டுக்காக மட்டும்’ என்று போட்ட நேர் வயர் பத்து வருடம் அப்படியே ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.
- பியூஸ் எரிந்தால் அளவைக் கூட்டாதீர்கள். வயரைக் காக்கத்தான் பியூஸ். 15 எரிகிறதென்று 30 போட்டால், அடுத்து வயர் பியூஸாகும்.

7. வெட்டும்போதும் கட்டும்போதும்

செய்ய வேண்டியவை

- சிவப்புப் பேனா வயர்களை முதலில் சாக்கெட்டிலிருந்து பின்னோடு கழற்றிச் சுருட்டி ஓரமாக வையுங்கள். எஞ்சின் ஓடி, ஒரு வாரம் ரோட்டில் சுற்றிய பிறகு கடைசியாக எடுங்கள். கழற்றியது திரும்பி வரும். வெட்டியது வராது.
- இணைப்பு போட்டே ஆக வேண்டுமென்றால், சரியான கிரிம்ப், அதன்மேல் உள்ளே பசை பூசிய சுருங்கும் குழாய். பத்து வயரை ஒரே இடத்தில் இணைக்காமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு மாற்றி மாற்றி இணையுங்கள்; இல்லாவிட்டால் மலைப்பாம்பு ஆடு விழுங்கியதுபோல் நடுவில் வீங்கும்.
- துணி டேப் சுற்றி, வரிவரியான கறுப்புக் குழாயில் போடுங்கள். சுவர் ஓட்டையில் ரப்பர் வளையம் கட்டாயம்.
- இசியுவை உள்ளே, உயரத்தில் வையுங்கள். லேண்ட்ரோவரில் மழை எங்கிருந்து வரும் என்று அதைச் செய்தவர்களுக்கே தெரியாது. சாக்கெட் கீழ்நோக்கி இருக்கட்டும். வயர் கொஞ்சம் தொங்கி மேலே ஏறட்டும். வழியும் தண்ணீர் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

செய்யக்கூடாதவை

- வெறும் பிளாஸ்டிக் டேப்பை எஞ்சின் பக்கம் சுற்றாதீர்கள். ஒரு வருடத்தில் பசை கறுத்துக் கையில் ஒட்டும். டேப் கழன்று தொங்கும்.
- இசியு வண்டியில் இருக்கும்போது வெல்டிங் செய்யாதீர்கள். எஞ்சின் மவுண்ட்டில் ‘ஒரே ஒரு புள்ளி’ என்றாலும் பேட்டரியைக் கழற்றி, இசியுவை வெளியே எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

8. முதல் ஸ்டார்ட்

செய்ய வேண்டியவை

- இசியு இல்லாமல் முதலில் சாக்கெட்டில் வோல்ட் பாருங்கள்: எர்த் எர்த்தாக, கரண்ட் கரண்டாக இருக்கிறதா. அதன் பிறகு இசியுவை மாட்டுங்கள்.
- சாவி திருப்பியதும் செக் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இசியு தூங்குகிறது என்று அர்த்தம்.
- தீயணைப்பான் ஒன்றும் கையாள் ஒருவரும் பக்கத்தில் இருக்கட்டும். கையாளின் ஒரே வேலை, பேட்டரி முனையைப் பிடுங்குவது. முனையைக் கையால் கழற்றும் அளவு மட்டும் இறுக்கி வையுங்கள்.

செய்யக்கூடாதவை

- ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒரே நேரத்தில் மூன்று வயரை மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றுங்கள், எழுதுங்கள், பாருங்கள்.
- எஞ்சின் ஓடிய சந்தோஷத்தில் பிரேக்கை மறந்துவிடாதீர்கள். எழுபது குதிரைக்குச் செய்த டிரம் பிரேக், செல்சியரின் 260 குதிரையை நிறுத்தாது. இது வயரிங் இல்லை. ஆனாலும் சொல்லாமல் வண்டியைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

9. கிரான்ட்டும் கையெழுத்தும்

செய்ய வேண்டியவை

- எஞ்சின் மாற்றுவதற்கு முன்னால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேளுங்கள். கிரான்ட்டில், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தில், உள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஹாஃப்கட் கடையின் ரசீதையும் சுங்கத்துறையின் கே1 பாரத்தின் நகலையும் வாங்கும் அன்றே கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் கடையே இடம் மாறியிருக்கலாம்.
- வண்டிப் பரிசோதனைக்குப் போகுமுன் எஞ்சின் எண் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். அழகாகக் கட்டிய வயரிங் அதன்மேல் ஓடினால் அழகால் பயனில்லை.
- இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவியுங்கள்.

செய்யக்கூடாதவை

- ‘யார் பார்க்கப் போறா’ என்று விடாதீர்கள். யாராவது பார்க்கும் நாள்வரை யாரும் பார்க்க மாட்டார்கள். விபத்து நடந்த மறுநாள் எல்லாரும் பார்ப்பார்கள்.

10. கடைசியாக ஒரு தாள்

வேலை முடிந்ததும் நான் செய்வது ஒன்று உண்டு. பலகையில் டிக் போட்ட படத்தைச் சுத்தமாக மறுபடி வரைந்து, வைத்த வயர், எடுத்த வயர், எந்த ரிலே எங்கே, எந்த பியூஸ் எத்தனை என்று எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுவேன். ‘இதெல்லாம் எழுதிக் கொடுத்தால் அடுத்த முறை வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள் அண்ணே’ என்று என் பையன் ஒருவன் சொன்னான். போகட்டும். பேராக்கிலோ பகாங்கிலோ, மழையில், ராத்திரி, வண்டி நின்றுவிட்டால் டார்ச் பிடித்துக்கொண்டு அடியில் படுக்கிறவன் என்னைப்போல ஒரு வயர்மேனாகத்தான் இருப்பான். அவன் கையிலும் பிரவுன் வயர் ஒன்று கிடைக்கும்.

அந்தத் தாளின் முதல் வரியை எப்போதும் சிவப்பில் எழுதுவேன்: ‘கவனம். இந்தச் சாக்கெட்டுக்கு இந்தப் பக்கம் பிரவுன் கரண்ட். அந்தப் பக்கம் பிரவுன் எர்த்.’